மூச்சு நின்றால் மணி அடிக்கும்

மார்ச் 3

தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. அப்பாவுக்குப் பிறகு வீட்டில் வேறு யாரும் சாகவில்லை. சாவதற்கு இங்கே என்னை விட்டால் ஆளும் இல்லை.

போனை அப்பாவின் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பாய், தெரியும். அது அடித்தாலும் அப்பா கட்டிலுக்கு ஓடுகிறேன், அடிக்காவிட்டாலும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இனி என்னிடம் பேச வேண்டுமானால் பேனாவை எடு.

நீ வந்து நான்கு நாள் இருந்தாய். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததில் தனியாக ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் நீ எழுந்து போனாய். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் இப்போது கேட்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், எங்கே தப்பு என்று நீயே பார்த்துச் சொல்.

பதினான்கு மாதத்துக்கு முன் நீ அனுப்பினாயே, படுக்கை விரிப்புக்கு அடியில் போடும் அந்த மெல்லிய விரிப்பு. அப்பாவின் மூச்சு இருபது எண்ணும் நேரம் நின்றால் என் போன் அலறும். அது வந்த பிறகுதான் நான் எதிர்ச்சாரிக் கண்ணாடிக் கடைக்கு மறுபடி வேலைக்குப் போனேன். மூன்று தடவை நிஜமாகவே அலறியது. மூன்று தடவையும் லென்ஸ் தேய்த்த ஈரக் கையோடு ஓடி வந்து, தலையைத் தூக்கி நிறுத்தி, ஆக்சிஜன் குழாயை மாட்டியிருக்கிறேன். டாக்டரே, "ஓடி வந்தீங்களே, அதான் பொழைச்சார்" என்றார்.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் அபாய மணியை அழுத்திப் பார்க்கிற மனுஷன். விரிப்பையும் விடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு வேண்டுமென்றே மூச்சை அடக்குவார். போன் அலறும். "சரி, இன்னைக்கு மணி வேலை செய்யுது, நீ கிளம்பு" என்று இருமிக்கொண்டே சிரிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமையும் அடக்கினார். நான் முப்பது வரை எண்ணினேன். முகம் கறுத்துப் போனது. போன் வாயே திறக்கவில்லை. உடனே உனக்குச் செய்தி அனுப்பினேன்: அப்பா மூச்சை அடக்கினார், மணி அடிக்கவில்லை, என்னவென்று பார். ஒரு நிமிஷத்தில் உன் பதில் வந்தது: ஒரு தடவை அணைத்துப் போடு அக்கா, சரியாகிவிடும். அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. "இன்னொரு தடவை அடக்கிப் பாருங்கப்பா" என்றேன்.

"போம்மா, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் செத்துக் காட்ட முடியும்" என்றார்.

நானும் சிரித்துவிட்டேன். ஒன்பதுக்குக் கடைக்குப் போனேன். சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு வந்தேன். உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அப்படியென்றால் பதினொரு மணி. பதினொரு மணிக்கு நான் ஒரு ஸ்கூல் டீச்சருக்குத் தடிமனான லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் என் ஏப்ரன் பையில்தான் இருந்தது.

சித்தப்பா எல்லார் எதிரிலும், "பெத்த அப்பனைப் படுக்கையில போட்டுட்டு கண்ணாடி தேய்க்கப் போனாளாம்" என்றது உன் காதிலும் விழுந்திருக்கும். அதை விடு. என் கேள்வி வேறு. அந்த விரிப்புக்குக் கறுப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று. நான் வெள்ளையைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அது தப்பா? மணியைக் கெடுத்தது நான்தானா? நீ படித்தவன், இதையே தொழிலாகச் செய்கிறவன். ஒரே வரியில் சொல்.

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பேனா பிடித்துப் பத்து வருஷம் ஆயிற்று. அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்.

ஒரே வரியில் கேட்டாய். நீ இல்லை. இந்த மாதிரிச் சாமான்கள் நின்றுபோவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். உள்ளே இருக்கிற மென்பொருள், வீட்டு இணையம், போன், கம்பெனியின் கம்ப்யூட்டர் என்று நடுவில் எத்தனையோ இருக்கிறது. எதில் போயிற்று என்று இப்போது கண்டுபிடிப்பது கஷ்டம். கண்டுபிடித்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் வயது எழுபத்தி நாலு.

விரிப்பை வாங்கித் தந்தவன் என்ற முறையில் எனக்கும் உறுத்தல் உண்டு. எங்கள் மென்பொருள் ஆட்கள் கூடும் இணையதளம் ஒன்று இருக்கிறது, சொல்லியிருக்கிறேன். எந்தக் கம்பெனி முளைத்தது, எது மூடியது, யார் என்ன புதிதாகச் செய்தார்கள் என்று ஆளாளுக்குச் செய்தி போடுவோம், பிடித்ததற்கு ஓட்டுப் போடுவோம். ஓட்டு அதிகம் விழுந்தது மேலே வரும். இந்த விரிப்பை அங்கேதான் முதலில் பார்த்தேன். அன்று அது நாள் முழுக்க முதல் இடத்தில் நின்றது. மூன்று பேர் சேர்ந்து ஒரு வாடகை அறையில் செய்தார்கள். அப்பாவுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

விரிப்பைக் குப்பையில் போட்டுவிடு. யாரிடமும் கொண்டுபோய்க் காட்டாதே. பிரித்துப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், உனக்குத்தான் மனசு கெடும். சித்தப்பா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே, அவர் வாய் அப்படி.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

ஆயிரம் காரணம் யாருக்கு வேண்டும்? நான் கேட்டது ஒன்று.

விரிப்பைக் குப்பையில் போடவில்லை. உன் கடிதத்தில் "நீ இல்லை" என்பதற்குப் பிறகு ஒன்றரை வரி பட்டையாக அடித்திருக்கிறாய். தினமும் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்க்கிறவள் நான். உன் காகிதத்தையும் கடை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். "அக்கா, அன்று காலை நீ கேட்டபோது" என்பது வரை படிக்க முடிந்தது. அதற்கு மேல் மை அப்பிக் கிடக்கிறது. கேட்டபோது என்ன?

இங்கே நடந்ததையும் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் சித்தப்பா வீட்டில் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம்தான் தாங்குவது? எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "ஆமா, மணியைக் கெடுத்தது நான்தான். எந்த ஒயரைப் பிடுங்கணும்னு தெரியாமப் பிடுங்கிட்டேன். போதுமா?"

யாராவது ஒருவர், "ஐயோ, அப்படியெல்லாம் இல்லைம்மா" என்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சித்தப்பா கை கழுவப் போனவர் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு ஆட்கள் யாரும் இந்த வாசல் பக்கம் வரவில்லை. கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிற சின்னம்மாகூட என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் பேசிவிட்டுப் போகிறாள்.

அப்பா இருந்தவரை என்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. எட்டு வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்தவள் நான். அதை யாருமே எண்ணவில்லை. சரி, தப்பு என்னுடையது என்றால் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் என்னுடையதுதானா என்று தெரிய வேண்டும். தெரியாமல் பொறுக்க முடியவில்லை, தம்பி.

வயதைச் சொன்னாயே, எழுபத்தி நாலு என்று. அதைப் படித்ததும் உன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது.

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அப்படி எழுந்து நின்று சொல்லியிருக்கக் கூடாது. ஏன் சொன்னாய்? இனி உண்மையை எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனி மூடிவிட்டது. பெரிய கம்பெனி ஒன்று அந்த மூன்று பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது, விரிப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டது. விரிப்பு தானாக உன் போனைக் கூப்பிடாது. அது கம்பெனியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அந்தக் கம்ப்யூட்டர்தான் உன் போனுக்குச் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டரை வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நிறுத்தினார்கள். அதனால்தான் ஏழு மணிக்கு மணி அடிக்கவில்லை. பச்சை விளக்கு, மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான். நீ வெள்ளையைப் பிடுங்கினாலும் கறுப்பைப் பிடுங்கினாலும் ஒன்றுதான்.

நிறுத்தப்போகிறோம் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். விரிப்பை வாங்கியது என் பெயரில் என்பதால் எனக்குத்தான் வந்தது. கம்பெனிகள் அனுப்பும் மெயில் எல்லாம் நேராகத் தனி இடத்துக்குப் போகிற மாதிரி நான் செய்து வைத்திருக்கிறேன். அங்கே நான் எட்டிப் பார்ப்பதே இல்லை. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இருநூறு வரும். அதனால் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 6

கொட்டாவிக்கு,

அப்பா வைத்த பெயரில் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று, இல்லையா? வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாலே கொட்டாவி விடுவாய் என்று வைத்தார். வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அழுதேன். சந்தோஷத்தில்தான். நான் இல்லை, நான் இல்லை என்று அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். சித்தப்பாவிடம் கடிதத்தைக் காட்டலாம் என்றால், மனுஷன் "மூடிட்டாங்கன்னா பேப்பர்ல வந்திருக்கணுமே" என்பார். அதனால் விரிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் பக்கத்து டி.வி. ரிப்பேர்காரரிடம் போனேன். "இந்தக் கம்பெனி மூடினதுக்கு ஏதாவது எழுத்துல இருக்கா பாருங்க" என்றேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டியதும் முதலில் வந்தது உங்கள் தளம்தான்.

கம்பெனிக்காரர்கள் எழுதிய விடைபெறும் கடிதம் இருந்தது. இத்தனை நாள் கூட வந்ததற்கு நன்றியாம். வெள்ளி காலை ஆறு மணிக்கு நிறுத்துகிறார்களாம். போட்ட தேதி பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அதே செவ்வாய்க்கிழமை எழுதியது, நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டோடு, ஒன்று. ரிப்பேர்காரர் வாய்விட்டுப் படித்தார்:

"மூச்சு நின்றால் மணி அடிக்கும் என்றார்கள். கம்பெனிக்கே மூச்சு நின்றபோது ஒரு சத்தமும் காணோமே!"

படித்துவிட்டு அவரும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எழுதியவர் பெயர் கொட்டாவி.

அதே பெயரில் நீ எழுதியது எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். "எங்க அப்பா லிஃப்ட் மெக்கானிக்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாய். இனி வேறு யாரோ என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

மெயில் உன் கண்ணில் படவில்லை என்று எழுதினாய். சரி. செவ்வாய்க்கிழமை படித்தாயே, அது? செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள். மூன்று நாளும் காலையில் அப்பா மூச்சை அடக்கினார், மணி அடித்தது, சிரித்தார். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தால் நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பக்கத்தை அச்சடித்து வாங்கி வைத்திருக்கிறேன். அடித்த வரியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் எதையும் அடிக்கப்போவதில்லை.

எங்கள் தளத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கம்பெனி மூடுகிறோம் என்று எழுதினால், முதல் பத்து நிமிஷத்துக்குள் யார் நல்ல நக்கலாக ஒரு வரி போடுகிறார்களோ அவர்களுக்கு ஓட்டு குவியும். தாமதமாக வருகிற நக்கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடியில் கிடக்கும். அதனால் விடைபெறும் கடிதத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. தலைப்பைப் பார்ப்போம், எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டுத்தான் உள்ளே போய்ப் படித்தேன். படித்ததும் தெரிந்துவிட்டது. அப்பாவின் விரிப்பு.

அப்போது ஓட்டு அறுபது. அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று போனை எடுத்தேன். எடுத்த போனில் எண்பது ஆகியிருந்தது. யாரோ பாராட்டி எழுதியிருந்தார்கள், பதில் போட்டேன். வெள்ளிவரை நேரம் இருக்கிறதே, வேறு நல்ல விரிப்பாகப் பார்த்து வாங்கிவிட்டே சொல்லலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை முந்நூறைத் தாண்டியது. வியாழக்கிழமை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுதான் உண்மை, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை உன் செய்தி வந்தபோது ஞாபகம் வந்தது. மணி ஏன் அடிக்கவில்லை என்று உலகத்திலேயே எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னால், "செவ்வாய்க்கிழமையே ஏன்டா சொல்லலை?" என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் இல்லை. அதனால் அணைத்துப் போடச் சொன்னேன். எதற்குமே நாங்கள் முதலில் சொல்கிற பதில் அதுதான், கை தானாக அடித்துவிட்டது. மத்தியானத்துக்குள் புதிதாக ஒன்று ஆர்டர் போட்டுவிட்டு, இது பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். நான் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நீ கடைக்குப் போயிருக்க மாட்டாய்.

அடித்த வரி இதுதான்: அக்கா, அன்று காலை நீ கேட்டபோது எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்ததும் முழுவதையும் தளத்தில் எழுதிவிட்டேன், அப்பா, நீ, செவ்வாய், வெள்ளி, எல்லாம். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் இடத்துக்கு வந்துவிட்டது. தொள்ளாயிரத்துக்கு மேல் ஓட்டு. இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எழுதினார்கள். அப்பாவை இழந்த பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அன்று கொஞ்சம் தூங்கினேன்.

என்ன செய்ய வேண்டும், சொல். செய்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 24

தூங்கினாயா? நல்லது.

அந்தத் தொள்ளாயிரம் பேரில் சித்தப்பா இருக்கிறாரா? சின்னம்மா இருக்கிறாளா? முகம் தெரியாதவர்களிடம் போய் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புகிற ஒருத்தருக்கும் நீ ஒரு வரி எழுதவில்லை.

வண்டி ஏறி வா. அதே வீட்டில், அதே ஆட்கள் எதிரில், நான் நின்ற இடத்தில் நின்று சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா

*

மே 2

அக்காவுக்கு,

வர வேண்டும் என்று இரண்டு தடவை டிக்கெட் போட்டேன், இரண்டு தடவையும் ரத்து செய்தேன். அவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று வாயைத் திறக்க என்னால் முடியாது. உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை. எழுத மட்டும்தான் தெரியும்.

அதனால் சித்தப்பாவுக்கு ஆறு பக்கம் எழுதி நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு எழுதியதில் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். என் மேல்தான் முழுத் தப்பும், அக்காவை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று கடைசியில் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

இனிமேலாவது அவர்கள் உன்னோடு பேசுவார்கள்.

தம்பி

*

மே 13

தம்பிக்கு,

சித்தப்பா வந்தார். இரண்டு மாதம் கழித்து இந்த வீட்டுக்குள் கால் வைத்தார். கையில் உன் கடிதம். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். முடிந்தது, இனி தலை நிமிர்ந்து கடைக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் எனக்கே படித்துக் காட்டினார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். எதையும் மறைக்கவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"பார்த்தியா? கூடப் பிறந்தவ மேல பழி நிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிட்டான். இந்தக் காலத்துல எவன் செய்வான் இப்படி? தங்கமான புள்ளை. அவன்கிட்ட இப்படி எழுதி வாங்கியிருக்கியே, உனக்கு மனசாட்சியே இல்லையா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. புரிந்ததும் ஓடிப்போய் அச்சடித்த பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். "இது யாரோ கொட்டாவின்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல யார் வேணா எது வேணா எழுதலாம்" என்றார். "அது அவன்தான், அப்பா வச்ச பேரு சித்தப்பா" என்று கத்தினேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "கத்தாத. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீதானே எழுந்து நின்னு, நான்தான் கெடுத்தேன்னு சொன்னே? யாராவது உன்னைச் சொல்லச் சொன்னாங்களா?" என்றார்.

நான் அச்சடித்த பக்கத்தை நீட்டிக்கொண்டே நிற்க, அவர் போய்விட்டார். உன் கடிதத்தை இப்போது வீடு வீடாகப் படித்துக் காட்டுகிறாராம். சின்னம்மா அழுதாளாம்.

அங்கே சிரிக்க வைத்தாய், நானூற்றுப் பன்னிரண்டு. அழ வைத்தாய், தொள்ளாயிரம். இங்கேயும் வீட்டுக்கு நாலு விழுகிறது. நீ எதை எழுதினாலும் ஓட்டு உனக்குத்தான், தம்பி.

இனி யாருக்கும் எதுவும் எழுதாதே. எனக்கும் எழுதாதே. என்றைக்காவது நேரில் வந்து நிற்க முடிந்தால் வா, முடியாவிட்டால் விடு.

விரிப்பு அப்பாவின் கட்டிலிலேயே இருக்கிறது. இன்று காலை டூல்ஸ் பெட்டியைத் திறந்து, போனை எடுத்துச் சார்ஜ் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழு மணிக்கு அதில் படுத்து மூச்சை அடக்கினேன். முப்பது வரை எண்ணினேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. பச்சை விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அக்கா